இன்னும் கொஞ்சம் அங்குட்டு

எங்கள் பக்கத்தில் திசை சொல்ல இரண்டு சொல் போதும்: இங்குட்டு, அங்குட்டு. கிழக்கும் மேற்கும் பத்திரம் எழுதுகிறவருக்கும் ஜோசியருக்கும்தான் வேண்டும். வண்டியைப் பின்னால் எடுக்கிறவர், பீரோவைத் தூக்குகிறவர், பந்தியில் இடம் தேடுகிறவர், எல்லோருக்கும் கையை லேசாக ஆட்டி அங்குட்டு என்றால் விளங்கிவிடும். ஒரு நாளில் நூறு தடவை காதில் விழுகிற சொல். அதை நான் முழுசாக இரண்டு வருஷம் வாயால் சொல்லவே இல்லை.

என் வீட்டுக்காரர்தான் இதை முதலில் கவனித்தார். சாக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. நெல் மூட்டை இறக்குகிற நாளில் நான் ஆட்களிடம் "வலது பக்கம் வைங்க, இன்னும் வலது பக்கம்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "என்ன, டீச்சர் வேலைக்குப் போயிட்டியா" என்று கேலி பண்ணினார். ஆட்களும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேலி பண்ணுவதில்லை. என் எதிரில் அந்தச் சொல் வந்தால் அவரும் பாதியில் விழுங்கிக்கொள்கிறார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

என் வேலை, வருகிறவர்களுக்கு ஊர் காட்டுவது. நேமத்தான்பட்டிப் பக்கம் ஒரு பெரிய வீடு, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். அதை இப்போது தங்கும் விடுதி ஆக்கியிருக்கிறார்கள். நான் முதலில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். எனக்கு வாய் நீளம் என்று தெரிந்ததும் முதலாளி என்னை அங்கிருந்து கிளப்பிவிட்டார். "நீ மேசைக்குப் பின்னாடி இருக்க வேண்டிய ஆளே இல்ல, வெளிய போயிப் பேசு" என்றார். அப்படித்தான் நான் வழிகாட்டி ஆனது. படித்து வாங்கின பட்டமெல்லாம் கிடையாது.

பேச எனக்குப் பிடிக்கும். தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கிற இந்த வீடுகளை வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். படி ஏறி மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து நான் ஆரம்பிப்பேன். இந்த வீடு கட்டுன செட்டியாருக முன்னோர் கடற்கரையில வாழ்ந்தவுக, ஒரு காலத்துல கடல் பொங்கி ஊரையே எடுத்துக்கிருச்சு, அந்தப் பயத்துல உள்ளே தள்ளி வந்து குடியேறினாக, கடல் இங்கேருந்து எவ்வளவோ தூரம், ஆனாலும் தரையோட வீடு கட்ட மனசு வரல, அதான் இம்புட்டு உயரம். கொஞ்சம் நிறுத்துவேன். அப்புறம், கடலுக்குப் பயந்து ஓடி வந்தவுகதான் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடல் தாண்டிப் போயிச் சம்பாதிச்சாக என்பேன். "அடடா" என்பார்கள். அந்த அடடாவுக்காகத்தான் நான் வேலை பார்த்தேன். சம்பளத்துக்கு இல்லை என்று சொன்னால் முதலாளி ரொம்பச் சந்தோஷப்படுவார்.

வீடு, கோயில், ஆத்தங்குடிக் கல் செய்கிற இடம், கண்டாங்கிச் சேலைக் கடை எல்லாம் பார்த்து முடிந்ததும் பாதிப் பேர் கேட்கிற கேள்வி, "கடல் பக்கமா?" என்பது. அந்தக் கேள்விக்காகவே ஒரு நாள் சுற்று வைத்திருந்தோம். தேவகோட்டை வழியாகப் போய், திருவாடானைக் கோபுரத்தடியில் ஒரு காபி, அப்புறம் நேரே தொண்டி. பழைய துறைமுகம் என்று சொல்லிக் கூட்டிப்போய் இறக்கினால் அங்கே பெரிதாகக் காட்ட ஒன்றும் இருக்காது. படகுகள், வலை காய்கிற மணல், பள்ளிவாசல், கூடையில் நண்டு. பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டு, "இங்கே கப்பல் எங்கே நிற்கும்?" என்பார்கள். நான் கையை விரித்தால் அவர்கள் முகம் விழுந்துவிடும். அடடாவுக்குப் பழகின எனக்கு அது பொறுக்காது.

ஒரு நாள் பொறுக்காமல் கை காட்டிவிட்டேன். தொண்டிக்குக் கொஞ்சம் வடக்கே தள்ளி ஒரு கரை. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை, அந்த ஊர்க்காரர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. நாலைந்து பனைமரம், நல்ல நிழல், கூட்டம் கிடையாது. அங்கே ஒருவர் விடாமல் கேட்கவும், என் குடையை நீட்டி, "அதோ, அந்த நீலப் படகு நிக்கிதுல்ல, அந்த இடத்துலதான் தோணி வந்து நிக்கும். இடுப்பளவு தண்ணியில நடந்து போயி ஏறுவாக. தோணி கொண்டுபோயி நடுக்கடல்ல கப்பல்ல ஏத்தும்" என்றேன். யாரும் எனக்குச் சொன்னதில்லை, நான் எங்கும் படித்ததில்லை. அடுத்த தடவை அதே இடத்தைக் காட்டும்போது பாதி உண்மையாகிவிட்டது. மூன்றாவது வருஷம் அதை நானே முழுசாக நம்பினேன்.

கூடவே இன்னொன்றும் சொல்வேன். அந்தப் பக்கத்துக் கடலில் அலை இருக்காது. குளம் மாதிரி கிடக்கும். பெண் கடல் என்று கரைக்காரர்கள் சொல்வது வழக்கம். தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் அலையடித்துக் கிடப்பது ஆண் கடல். அதில் நான் என் சரக்கைச் சேர்த்துக்கொண்டேன். "ஆம்பளைக் கடலு சும்மாக் கத்தும். இது பொம்பளைக் கடலு, வாயத் தொறக்காது, ஒண்ணும் பண்ணாது, தைரியமா எறங்குங்க" என்பேன். கூட வந்த பெண்கள் புருஷன்மாரைப் பார்த்துச் சிரிப்பார்கள். வருஷக்கணக்காக ஓடின வசனம். எங்கள் டிரைவருக்குக்கூட மனப்பாடம்.

அந்த மாசி மாதத்தில் வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று சொல்ல முடியாது. சென்னையில் இருக்கிற செட்டியார் குடும்பம், புருஷனும் பெண்சாதியும். அவருக்கு எழுபதைத் தொடுகிற வயது. வலையபட்டியில் சொந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. பங்குக்காரர்கள் ஆளுக்கு ஒரு நாட்டில் இருப்பதால் அந்த வீட்டில் கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதனால் சொந்த ஊருக்கு வந்து எங்கள் விடுதியில் அறை எடுத்திருந்தார்கள். வந்த காரியம் படைப்பு. செத்துப்போன முன்னோருக்கு வேட்டியும் சேலையும் சமையலும் வைத்துக் குடும்பமாகக் கூடிக் கும்பிடுவதை இவர்கள் அப்படிச் சொல்வார்கள். அது முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தது. அவர்தான் கடலைப் பார்க்கலாம் என்றார்.

அவர் நல்ல உயரம், மெல்லிய குரல். நான் சொல்வதை எல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்பார். அவருடைய தாத்தாவும் பர்மாவுக்குப் போனவர் என்று காரில் பேச்சுவாக்கில் சொன்னார். "எங்க ஐயா" என்றுதான் சொன்னார். தாத்தாவை அவர்கள் ஐயா என்பார்கள். போதாதா எனக்கு? திருவாடானை தாண்டினதிலிருந்து நான் நிறுத்தவே இல்லை. உங்க ஐயா இந்த ரோட்டுலதான் மாட்டுவண்டியில வந்திருப்பாக, இந்தக் கோபுரத்தத்தான் கும்பிட்டிருப்பாக, கரையில நிண்டு ஒரு தடவ ஊரத் திரும்பிப் பாத்திருப்பாக என்று அளந்து விட்டேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் பெண்சாதியான ஆச்சி ஒரு தடவை எதையோ சொல்ல வாயெடுத்ததும், அவர் ஆச்சியின் கையின் மேல் தன் கையை வைத்ததும் முன் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. வயசான காலத்துப் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கரையில் இறங்கியபோது மதியம் மூன்று மணிக்கு மேல் இருக்கும். ஆச்சி பனைமர நிழலில் உட்கார்ந்துகொண்டார். டிரைவர் டீ வாங்கப் போயிருந்தார். நான் குடையை நீட்டி நீலப் படகைக் காட்டினேன், முழுக் கதையையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு ஆச்சியிடம் போய் ஏதோ இரண்டு வார்த்தை பேசினார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இறங்கலாமாம்மா?" என்று கேட்டார். நான் பொம்பளைக் கடல் வசனத்தைச் சொன்னேன். சிரித்தார். போனை என் கையில் கொடுத்து, "அங்கின போயி நிக்கிறேன், ஒரு வீடியோ எடு. பேரன் கேப்பான்" என்றார்.

வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது, அவர் முகத்தில் நன்றாக விழுந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று திரும்பினார். "இங்கினயாம்மா?" என்றார். போனில் பார்த்தேன். படகு சட்டத்துக்கு வெளியே ஓரமாக நின்றது. கப்பல் ஏறின கதைக்குப் படகு இல்லாமல் படமா? நான் கையை ஆட்டி, "இன்னும் கொஞ்சம் அங்குட்டு சார்" என்றேன். போனார். தொடையளவு வந்தது. "இன்னும் கொஞ்சம் அங்குட்டு. படகுக்குப் பக்கத்துல." போனார். இடுப்பளவு வந்தது. படத்தில் படகின் மூக்கு மட்டும் விழுந்தது. நான் மூன்றாவது தடவையும் சொன்னேன்.

அப்புறம் படத்தில் தண்ணீர்தான் இருந்தது. சத்தம் இல்லை, கை தூக்கவில்லை, ஒன்றும் இல்லை. அவர் குனிந்து எதையோ எடுக்கிறார் என்று நான் நினைத்தேன். கடவுளே, அப்படி நினைத்து எத்தனை விநாடி நின்றேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர்தான் ஓடி வந்து இறங்கினார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் போட்டு என்னென்னவோ செய்து பார்த்தார்கள். உயிர் இல்லை. அவர்களில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "படகு நிக்கிற எடத்துல ஆழம் இருக்கும்னு தெரியாதாக்கா? படகு போக வரப் பள்ளம் வெட்டியிருக்குல்ல" என்றார். திட்டவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். எனக்குத் தெரியாது. வயல்காட்டில் பிறந்தவள் நான். ரோட்டில் கார் நிற்பது போலத் தண்ணீரில் படகு நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு ஆழம் வேண்டும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கடல் தாண்டின குடும்பத்தில் பிறந்த அவருக்கும் நீந்தத் தெரியாது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் எல்லோரிடமும் கேட்கிற மாதிரி என்னிடமும் கேட்டார். "இறங்க வேண்டாம்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். கேக்கல" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கேட்டதும் வந்துவிட்டது, குடையை நீட்டின மாதிரியே. ஆச்சி எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு கையில் செத்தவருடைய செருப்பு, இன்னொரு கையில் நான் கொடுத்த போன். அந்தப் போனுக்குள் என் குரல் இருந்தது. மூன்று தடவை அங்குட்டு இருந்தது. ஆச்சி என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. தவறி விழுந்த சாவு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளி ஒரு வாரம் லீவு கொடுத்தார். டிரைவர், "நீங்க என்னக்கா பண்ணுவீக, விதி" என்றார். அக்கம்பக்கத்தில், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் இறங்கிய மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். நான் சொன்ன பொய் அப்படி ஊர் பூராவும் நடந்து போய்விட்டது. செத்தவர் மேல் பழியைப் போட்டவள் நான், எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

அந்தப் போனை அவர்கள் வீட்டில் ஒரு நாள் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பேரன் பார்ப்பான், மகன் பார்ப்பான். விடுதிப் போன் அடித்தால் முதலில் நம்பரைப் பார்ப்பேன். சென்னை நம்பர் என்றால் எடுக்க மாட்டேன். ஒரு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வைதிருந்தால்கூடத் தேவலை என்று ஆகிவிட்டது.

கடல் பக்கமே போவதில்லை என்று சொல்லி வீடு காட்டுகிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டேன். அது என்னைத் தேடி வீட்டுக்குள்ளேயே வந்தது. விடுதி வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம். ஐப்பசியில் மழை பிடித்தால் நாலு பக்கத்துக் கூரையும் அதற்குள்தான் கொட்டும். இலை போய்த் தூம்பு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றுவிடும். மழை விட்டதும் அது அசையாமல் கிடக்கும், ஒரு அலை இருக்காது. பட்டப்பகலில், வெளிநாட்டுக்காரர்கள் அங்கங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தத் தண்ணீருக்கு நடுவில் வேட்டியை மடித்துக் கட்டின ஒருவர் என் பக்கம் திரும்பி நிற்பார். முகம் தெரியாது. "இங்கினயாம்மா?" என்று கேட்பது மட்டும் தெளிவாகக் கேட்கும். பேய் என்று சொல்ல மாட்டேன். பேய் என்றால் மந்திரிக்க ஆள் இருக்கிறது. பெருக்குகிற அக்காவைக் கூப்பிட்டுத் தூம்பை எடுத்துவிடச் சொல்வேன். தண்ணீர் இறங்குகிற வரைக்கும் நான் சமையல்கட்டில் போய் நின்றுகொள்வேன்.

யாராவது போனை நீட்டி ஒரு படம் எடுங்கள் என்றால், டிரைவரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால் என் கதை என்னை விட்டுவிட்டுத் தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காரில் ஏறப் போகிறவர்களிடம் டிரைவர், "பயப்படாதீக, அது பொம்பளைக் கடலு, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்வது காதில் விழுந்தது. நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி வைதேன். பாவம், அவர் மிரண்டுபோய், "நீங்க சொல்லிக் குடுத்ததுதானக்கா" என்றார். மாடிப் பக்கத்து அறைகளில் விருந்தாளிகளுக்கு வைக்கிற ஒரு அட்டை உண்டு, சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள் என்று. அதில் அந்தக் கரை இருந்தது. முன்னோர் கப்பலேறிய இடம் என்று நானே எழுதிக் கொடுத்த வரி. ஒவ்வொரு அறையாகப் போய் எல்லா அட்டைகளையும் எடுத்து அடுப்பில் போட்டேன். அடுத்த மாசம் புதுசாக அச்சடித்து வந்தது, அதே வரியோடு.

போன மாசி மாதம் வரவேற்பு மேசையில் இருக்கிற பெண் என்னைத் தேடி வந்தாள். வலையபட்டி ஆச்சி அறைக்குச் சொல்லியிருக்கிறார், கடற்கரைக்கும் போக வேண்டுமாம் என்றாள். "அன்னைக்குக் கூட வந்த அதே பொண்ணுதான் வரணும்னு சொன்னாக" என்றாள். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். தலைவலி, காய்ச்சல், வயலில் அறுப்பு, ஆயிரம் காரணம் இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "போ. போயி அந்தம்மாகிட்டயாவது சொல்லிரு. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது" என்றார்.

ஆச்சி இளைத்திருந்தார். மற்றபடி அதே மாதிரிதான். மடியில் ஒரு மஞ்சள் பை. காரில் நான் முன்னால் உட்கார்ந்தேன். தேவகோட்டை தாண்டியது, திருவாடானை தாண்டியது. யாரும் காபி குடிக்க இறங்கவில்லை. அந்த ரோட்டில் நான் பேசாமல் போனது அதுதான் முதல் தடவை. டிரைவர் என்னை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

கரையில் ஒன்றும் மாறவில்லை. பனைமரம், நிழல், அசையாத தண்ணீர். அந்தப் படகுகூட அங்கேயேதான் நின்றது, வேறு நீலம் அடித்திருந்தார்கள். டிரைவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஆச்சி பையைப் பிரித்தார். உள்ளே ஒரு புது வேட்டி.

"இந்த வருசம் படைப்புல அவுகளுக்கும் வேட்டி வைக்கணும். அதுக்கு முந்தி இந்தத் தண்ணியில நனைச்சு எடுத்துட்டுப் போகணும்னு தோணுச்சு. அப்படியெல்லாம் மொறை கெடையாது, என் மனசுக்குத்தான்" என்றார். பிறகு கடலைப் பார்த்தபடி கேட்டார். "அந்த எடந்தான?"

அதைக் கேட்டதும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஆச்சி, அது பொய்யி. அங்க யாரும் தோணி ஏறுனதில்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரோ கேட்டாகன்னு கைக்கு வந்த எடத்தக் காட்டுனேன். சாருகிட்டயும் அதத்தான் சொன்னேன். அவுக ஐயா நிண்ட எடம்னு நம்பித்தான் போனாக. நாந்தான் அங்குட்டு அங்குட்டுன்னு அனுப்புனேன். வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. அழுகையும் வந்தது. ஆச்சி என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். முட்டி வலி போல, கையை மணலில் ஊன்றி உட்கார்ந்தார்.

"தெரியும்" என்றார்.

வீடியோவைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அது இல்லை.

"அவுக ஐயா கப்பலேறுனது நாகப்பட்டினத்துல. வலையபட்டி வீட்டுப் பெட்டியில காகிதம் இருக்கு. அவுக அப்பச்சி, அதான் எம் மாமனாரு, அந்தக் கதைய நூறு தடவ சொல்லியிருக்காக. நீ கார்ல சொல்லிக்கிட்டு வாரப்பவே அவுகளுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தேன், கையப் புடிச்சு அமுக்கிட்டாக."

முன் கண்ணாடியில் தெரிந்த அந்தக் கை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தெரிஞ்சும் ஏன் ஆச்சி எறங்குனாக?" என்றேன்.

"இந்தா, இந்த மரத்தடிக்கு வந்து எங்கிட்டச் சொன்னாக. அந்தப் புள்ள எம்புட்டு ஆசையாச் சொல்லுது, இல்லேன்னு சொன்னா மூஞ்சி வாடிரும், போயி ரெண்டு நிமிசம் நிண்டுட்டு வாரேன், அதுக்கு ஒரு சந்தோசம்னாக."

இந்த இரண்டு வருஷமும் ஒரு மனுஷரை ஏமாற்றிக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாத்தாவின் மேல் இருந்த பிரியத்தில் போனார், நான் அந்தப் பிரியத்தை வைத்து விளையாடிவிட்டேன் என்று. அவர் தாத்தாவுக்காகப் போகவில்லை. என் அடடாவுக்காகப் போயிருக்கிறார். அதைக் கேட்டபோது நெஞ்சில் ஏதோ கழன்று விழுந்தது. அழுகைகூட நின்றுவிட்டது.

அப்புறம் கேட்டேன். "அன்னைக்கு நான் பொய் சொன்னப்பப் பக்கத்துலதான நிண்டீக. ஏன் ஆச்சி ஒண்ணும் சொல்லல?"

ஆச்சி மணலைக் கையால் தள்ளித் தள்ளிச் சமன் செய்துகொண்டிருந்தார். "நானும் வேண்டாம்னு சொல்லலையே. நெழல்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஒன்னையச் சொன்னா என்னையும் சொல்லணும்." பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த வீடியோவ வேற யாருக்கும் காட்டல. நான் மட்டும் பாப்பேன். அவுக திரும்பி நிண்டு சிரிக்கிறாக பாரு, அது வரைக்கும் பாத்துட்டு நிறுத்திருவேன்."

எழுந்திருக்கக் கை கொடுத்தேன். நின்றதும் என் கையை விடாமல், "நீ கதை சொல்லாம இருக்க மாட்ட. சொல்லு. எடத்த மட்டும் கரையில காட்டு" என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியைப் பிரித்துக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். கணுக்கால் அளவில் நின்று நனைத்துவிட்டுத் திரும்புவார் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. சேலை நனைந்து காலோடு ஒட்டியது, முழங்கால் வரை வந்துவிட்டது. வேட்டி அவருக்குப் பின்னால் தண்ணீரில் நீளமாக விரிந்து போனது. அவர் அந்தப் படகைப் பார்த்துக்கொண்டே நடந்தார். இப்போது எனக்குத் தெரியும், படகு நிற்கிற இடத்தில் ஆழம் இருக்கும்.

நான் தண்ணீரில் இறங்கி ஓடினேன். "போதும் ஆச்சி. நில்லுங்க. இங்குட்டு வாங்க" என்று கத்தினேன். "இங்குட்டு, ஆச்சி, இங்குட்டு." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அந்தக் கரையில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசியிருக்க மாட்டார்கள். தூரத்தில் வலை பிரிக்கிறவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

ஆச்சி நின்றார். திரும்பினார். வேட்டியை இழுத்துச் சுருட்டிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தார்.

கரைக்கு வந்து ஆளுக்கு ஒரு நுனியைப் பிடித்து வேட்டியை முறுக்கினோம். உப்புத் தண்ணீர் மணலில் கொட்டியது. ஆச்சி அதை உதறி, நுனியோடு நுனி சேர்த்து மடிக்க என் பக்கம் நெருங்கி வந்தபோதுதான், கோபமே இல்லாமல் சொன்னார்.

"அன்னைக்கும் இதச் சொல்லியிருக்கலாமுல்லம்மா."